உப்பு கம்மி என்றதற்கு அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது?

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி, ஓடிப்போய் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, பகல் முழுக்க மிஷினில் குனிந்து உட்கார்ந்து, மூணு மணிக்கு சூப்பர்வைசரிடம் "உன்னாலதான் இன்னிக்கு பீஸ் கம்மி" என்று எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டு, பதிலுக்கு ஒரு வார்த்தை பேச முடியாமல், இருட்டின பிறகு வீட்டுக்கு வந்து மறுபடியும் அடுப்பைப் பற்ற வைக்கிறார். சாப்பிட உட்கார்ந்த மாமியார், "இன்னாம்மா, கொழம்புல உப்பு கம்மியா கீது" என்கிறார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த நொடி கரண்டி சுவரில் மோதிக் கீழே விழுகிறது, கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த கதையெல்லாம் சத்தமாக வெளியே வருகிறது, பிள்ளைகள் தட்டைப் பிடித்தபடி அப்படியே உறைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அரை மணி நேரம் கழித்து அதே பெண் தோட்டத்துப் பக்கம் தனியாக உட்கார்ந்து அழுகிறார். "எனக்கு இன்னா ஆச்சு? உப்புக்குப் போயா இப்படிக் கத்தினேன்?"

இந்தக் கேள்வி எல்லார் வீட்டிலும் ஒரு நாளாவது கேட்கிற கேள்விதான். ஆனால் நாம் அதற்குப் பதில் தேடுவதில்லை. "அவளுக்குக் கோபம் ஜாஸ்தி", "அவன் பொறந்ததிலேர்ந்தே அப்படித்தான்", "ரொம்ப தொட்டாச்சிணுங்கி" என்று சுபாவத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். கத்தினவருக்குக் குற்ற உணர்ச்சி, கேட்டவருக்கு மனக்கசப்பு, யாருக்கும் எதுவும் புரியவில்லை. நான் டாக்டர் இல்லை, அணைக்கட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறவன். திடீரென்று வெடிக்கும் பிள்ளைகள், ஒரு வார்த்தைக்கு அழுதுவிடும் பிள்ளைகள், அவர்களை இழுத்துக்கொண்டு வந்து "இவனை என்னன்னு கேளுங்க சார்" என்கிற அப்பா அம்மாக்கள், எல்லாரையும் தினமும் பார்ப்பதால்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்கு மிக உதவிய விஷயம் ஒன்று. வருகிற உணர்ச்சியின் அளவை வைத்து எதிரே நடந்த சம்பவத்தின் அளவை எடை போடக் கூடாது. உடம்பு அந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்தது, சொன்ன வார்த்தையை மனசு எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டது, அந்த அர்த்தம் எந்தப் பழைய நாளிலிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் கலந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் "எனக்கு இன்னா ஆச்சு" என்ற கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கும்.

உடம்பு முந்திக்கொள்கிறது

ராத்திரி மோட்டார் போடக் கழனிக்குப் போகிறீர்கள். டார்ச் வெளிச்சத்தில் வரப்பு மேல் வளைந்து நெளிந்து ஏதோ கிடக்கிறது. கால் தானாகப் பின்னால் துள்ளுகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. அதற்கப்புறம்தான் தெரிகிறது, அது சொட்டுநீர் டியூப் துண்டு. பாம்பா டியூபா என்று யோசித்து முடிவெடுத்து நீங்கள் துள்ளவில்லை. துள்ளி முடித்த பிறகுதான் யோசனையே வந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை 1980களில் எலிகளை வைத்து விளக்கியவர் ஜோசப் லெடூ என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர். கண்ணும் காதும் அனுப்புகிற தகவல் மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸ் என்ற இடத்துக்கு வந்து அங்கிருந்து இரண்டு பாதைகளில் பிரிகிறது. ஒன்று குறுக்குப் பாதை, நேராக அமிக்டலாவுக்குப் போகிறது. பாதாம் பருப்பு வடிவத்தில், காதுக்கு உட்புறமாகப் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிற அந்தச் சின்னப் பகுதி "இது ஆபத்தா?" என்பதை மட்டும் அவசரமாகப் பார்க்கிறது. இன்னொன்று சுற்றுப் பாதை, மூளையின் மேற்பரப்பு வழியாகப் போய், வடிவம், நிறம், இடம் எல்லாவற்றையும் விவரமாகப் பார்த்துவிட்டு வருகிறது. குறுக்குப் பாதையில் விவரம் குறைவு, வேகம் அதிகம். பாம்பென்று நினைத்து டியூபுக்குத் துள்ளினால் நஷ்டம் ஒன்றுமில்லை. டியூபென்று நினைத்துப் பாம்பை மிதித்தால் உயிர் போகும். அதனால் உடம்பு எப்போதுமே பயந்து தவறு செய்வதைத்தான் விரும்புகிறது.

அமிக்டலா மணி அடித்தவுடன் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குப் போகிறது. சண்டை போடு அல்லது ஓடு என்பதற்கான இந்தத் தயாரிப்பை வால்டர் கேனன் என்ற உடலியலாளர் 1915லேயே விவரித்திருக்கிறார். கொஞ்சம் தாமதமாகக் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்கிறது, அது உச்சத்துக்குப் போவதே சம்பவம் நடந்து 20, 30 நிமிஷம் கழித்துத்தான். சண்டை முடிந்து எல்லாரும் படுத்த பிறகும் உங்களுக்கு மட்டும் உடம்பு அடங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் நிதானமாக யோசிக்கிற வேலையைச் செய்கிறது. உடம்பு இவ்வளவு கொதிப்பில் இருக்கும்போது அதன் பேச்சு எடுபடுவதில்லை. "கொஞ்சமாவது யோசிச்சியா?" என்று அந்த நேரத்தில் கேட்பதில் அர்த்தமே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமிக்டலாவைக் கோபத்தின் ஸ்விட்ச், பயத்தின் ஸ்விட்ச் என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள், அது சரியில்லை. அந்தப் பகுதி வேறு பல வேலைகளும் செய்கிறது. ஆபத்தைக் கண்டுபிடித்து உடம்பை எழுப்புவது வேறு, பயமாக இருக்கிறது என்று நாம் உணர்வது வேறு என்று லெடூவே பின்னாளில் அழுத்திச் சொன்னார். உணர்கிற விஷயத்தில் மூளை முழுக்கவே பங்கெடுக்கிறது, நம் நினைவும் நாம் பழகிய சொற்களும் உட்பட.

சரி, பாம்புக்கு இது பொருந்தும். மாமியாரின் உப்புக்கு எப்படிப் பொருந்தும்? மனுஷனுக்கு நாலு பேர் முன்னால் தாழ்ந்து போவதும், கூட்டத்திலிருந்து ஒதுக்கப்படுவதும்கூட உடம்புக்கு ஆபத்துதான். 2003ல் நவோமி ஐசன்பர்கர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கேன் மிஷினுக்குள் படுத்திருப்பவர் கம்ப்யூட்டரில் இரண்டு பேரோடு பந்து எறிந்து விளையாடுகிறார். திடீரென்று அந்த இரண்டு பேரும் இவருக்குப் பந்தே போடாமல் தங்களுக்குள் எறிந்துகொள்கிறார்கள். வெறும் பொம்மை விளையாட்டு, முகம் தெரியாத ஆட்கள், அதற்கே உடல் வலியின் வேதனையோடு தொடர்புள்ள மூளைப் பகுதி வேலை செய்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் வேண்டுமென்றே ஒருவரைத் தாண்டிப் பரிமாறினால் அவருக்கு என்ன ஆகும் என்று நமக்கே தெரியும்.

வெயிலும் தூக்கமும்

இதை நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அக்னி நட்சத்திரத்தில் வேலூர் எப்படி இருக்கும் என்று யாரும் நமக்குச் சொல்லத் தேவையில்லை. 40 டிகிரியைத் தாண்டிய மத்தியானம் கிரீன் சர்க்கிளில் பைக்கை நிறுத்திக்கொண்டு நில்லுங்கள். பின்னாலிருந்து ஒரே ஒரு ஹாரன், உடனே திரும்பி முறைக்கிறோம். அதே ஹாரனை மார்கழி காலையில் கேட்டால் கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டிருப்போம். வெயில் ஏறும்போது அடிதடியும் வன்முறையும் கூடுகிறது என்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சூடான உடம்பில் இதயம் ஏற்கெனவே வேகமாகத்தான் அடிக்கிறது, எரிச்சலில் பாதி அங்கேயே தயார். அதற்கு ஒரு காரணம்தான் பாக்கி. ஷீட் போட்ட வீட்டில் மே மாதம் குடியிருப்பவர்களிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உடம்பின் படபடப்புக்கு எது காரணம் என்று மனசுக்கு எப்போதும் சரியாகத் தெரிவதில்லை. 1974ல் கனடாவில் டட்டன், ஆரன் என்ற இருவர் செய்த சோதனை பிரபலமானது. ஆழமான பள்ளத்தாக்கின் மேல் ஆடிக்கொண்டிருக்கும் தொங்கு பாலத்தில் வந்த ஆண்களிடமும், ஆடாத தாழ்வான பாலத்தில் வந்த ஆண்களிடமும் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டு, மேலும் விவரம் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பர் கொடுத்தார். ஆடும் பாலத்தில் வந்தவர்கள்தான் அதிகமாகப் போன் செய்தார்கள். பயத்தால் அடித்த நெஞ்சை அந்தப் பெண் மேல் வந்த ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். அதே 1970களில் டால்ஃப் சில்மன் என்பவர், ஒரு காரணத்தால் கிளம்பிய படபடப்பு முழுதாக அடங்குவதற்குள் இன்னொன்று நடந்தால், பழைய மிச்சமும் புதியதன் கணக்கில் சேர்ந்துவிடுகிறது என்று காட்டினார்.

அந்த ஆம்பூர் பெண்ணுக்கு மூணு மணிக்குக் கிளம்பிய படபடப்பு இரவு எட்டு மணி வரைக்கும் அப்படியே நிற்காது, உடம்பு அதற்குள் எத்தனையோ தடவை அடங்கியிருக்கும். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அப்பவே திருப்பிக் கேட்டிருக்கணும், என் லைன்ல மூணு பேர் லீவுன்னு சொல்லியிருக்கணும்" என்று மனசுக்குள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருப்பாரே, ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் உடம்பு புதிதாகக் கிளம்பியிருக்கும். வீட்டுக்கு வரும்போது அவர் அமைதியாகத்தான் தெரிந்தார். உள்ளே அப்படி இல்லை.

தூக்கம் இன்னும் மோசம். 2007ல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஒரு இரவு முழுக்கத் தூங்காதவர்களுக்கு மனசைச் சங்கடப்படுத்தும் படங்களைக் காட்டிப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கினவர்களைவிட அவர்களுடைய அமிக்டலா 60 சதவீதத்துக்கும் மேல் அதிகமாக வேலை செய்தது, அதை நிதானப்படுத்தும் முன்பகுதியோடு இருக்கும் தொடர்பும் பலவீனமாகியிருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் காலையில் ரிப்போர்ட் கார்டு நீட்டும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். சாயங்காலம் நீட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வார்த்தை ஒன்று, காதில் விழுந்தது வேறு

உப்புக்குத் திரும்ப வருவோம். அதே குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அந்தப் பெண்ணின் ஏழு வயசு மகன் "அம்மா, உப்பே இல்லம்மா" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதே களைப்பு, அதே வெயில், அதே சூப்பர்வைசர். உப்பு டப்பாவை நகர்த்தி வைத்திருப்பார், அவ்வளவுதான். அப்படியென்றால் கோபத்தைக் கிளப்பியது உப்பு இல்லை. மகன் சொன்னால் அது உப்பைப் பற்றிய தகவல். மாமியார் சொன்னால் "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று காதில் விழுகிறது, அதுவும் மத்தியானம் எல்லார் முன்னாலும் அதே அர்த்தத்தில் இன்னொருவர் சொல்லிவிட்டுப் போன நாளில். ஒருவேளை மாமியார் அப்படி நினைக்கவே இல்லாமலும் இருக்கலாம். நிஜமாகவே அப்படி நினைத்தும் சொல்லியிருக்கலாம், அதையும் மறுப்பதற்கில்லை.

உங்கள் கோபத்தையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். இதே வார்த்தையை வேறு யார் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது? பதில் கிடைத்ததும் பிரச்சினை வார்த்தையிலா ஆளிலா என்று பாதி தெளிவாகிவிடும்.

ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளர் ஒவ்வொரு உணர்ச்சிக்கும் அடியில் ஒரு கணிப்பு இருக்கிறது என்றார். என்னையோ என்னைச் சேர்ந்தவர்களையோ இழிவுபடுத்திவிட்டார்கள் என்று மனசு கணித்தால் கோபம், ஈடு செய்ய முடியாத ஒன்றை இழந்துவிட்டோம் என்று கணித்தால் சோகம். இதைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல்தான் ஞாபகம் வந்தது. அங்கேயும் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் வருகிறது என்று நான்கு நான்கு காரணங்கள் வைத்திருக்கிறார்கள். வெகுளிக்குச் சொன்ன நான்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உடம்பைச் சிதைப்பது, குடும்பத்துக்குக் கேடு செய்வது, வருத்தி அலைக்கழிப்பது, கொல்வது. எல்லாமே தனக்கோ தன்னைச் சேர்ந்தவருக்கோ வருகிற கேடு. அழுகைக்குச் சொன்ன நான்கில் இழவு இருக்கிறது, வறுமை இருக்கிறது, ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் வைத்திருப்பது இளிவு, அதாவது பிறர் நம்மைக் கீழாக நடத்துவது. அந்தப் பெண் கத்தி முடித்த பிறகு தோட்டத்தில் உட்கார்ந்து அழுதாரே, அந்த அழுகைக்கும் முன்னால் வந்த கோபத்துக்கும் வேர் ஒன்றுதான். அவமானம் சில பேரிடம் கத்தலாக வரும், சில பேரிடம் கண்ணீராக வரும், சில பேர் இரண்டு நாள் யாரிடமும் பேச மாட்டார்கள். நம் ஆண்களுக்கு அழ அனுமதி இல்லாததால் அவர்களுக்கு எல்லாமே கோபமாகத்தான் வெளியே வருகிறது என்பது என் அபிப்பிராயம். பயம்கூட. பிள்ளை ராத்திரி பத்து மணி வரை வீட்டுக்கு வரவில்லையென்று ஹைவேயைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்ற அப்பா, பிள்ளை வந்து வண்டியை நிறுத்தியதும் முதலில் அறைகிறார்.

பழைய நாள்

வட ஆற்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கடைசி நாள் களிமண்ணில் பெரிதாகச் செய்து வைத்த துரியோதனன் படுகளத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது துகில் கூத்து நடக்கிற இரவு. கதை எல்லாருக்கும் தெரியும், முடிவும் தெரியும், பாஞ்சாலி வேஷம் கட்டியிருப்பவர் பக்கத்து ஊர் ஆண் என்பதும் தெரியும். இருந்தும் பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு ஆயா இருந்தார். துச்சாதனன் இழுக்கும்போது அவருக்கு ஒன்றும் ஆகாது. சபையில் பீஷ்மரும் துரோணரும் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்கிற இடம் வந்ததும் உடம்பு குலுங்கக் குலுங்க அழுவார். "பெரியவங்க எல்லாரும் உக்காந்து பாத்துக்கினு தானே இருந்தாங்க, ஒருத்தர் வாயத் தொறக்கல பாரு" என்பார். சின்ன வயசில் அவருடைய வாழ்க்கையை முடிவு செய்த ஒரு பஞ்சாயத்தில் அவருக்காக ஒருவரும் பேசவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு விஷயத்துக்கு மற்றவர்களைவிட நமக்கு மட்டும் அதிகமாக வலித்தால், வலிக்கிற இடத்தில் முன்பே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். மூளை ஒவ்வொரு புதுச் சம்பவத்தையும் பழைய அனுபவத்தை வைத்துத்தான் ஊகிக்கிறது. என் வகுப்பில் ஒரு பையன், யாராவது நாற்காலியைச் சத்தமாக இழுத்தால் போதும், தோள் இரண்டும் காது வரை ஏறிவிடும், பக்கத்தில் இருப்பவன் சும்மா தொட்டாலும் அடித்துவிடுவான். வீட்டில் ராத்திரி குடித்துவிட்டு வரும் அப்பா முதலில் செய்வது நாற்காலியை எட்டி உதைப்பது. அந்தச் சத்தத்துக்கு அடுத்து அடி விழும் என்று அவன் உடம்பு கற்று வைத்திருக்கிறது. வகுப்பறையில் அடி விழாது என்பது அவன் அறிவுக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியாது.

இப்படிப் படிந்த பயம் அழிவதில்லை என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆபத்தில்லை என்று மறுபடி மறுபடி அனுபவத்தில் பார்க்கும்போது அதன் மேல் புதிய பாடம் ஒன்று படிகிறது, பழையது அடியில் இருக்கத்தான் செய்கிறது. களைப்பான நாளில், பழைய இடத்துக்குப் போன நாளில் அது தலை காட்டும். "இதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்னு நெனச்சேன், மறுபடி ஏன் வருது" என்று பதறத் தேவையில்லை, திரும்பி வருவது இயல்பு.

அந்த நேரத்தில் என்ன செய்வது

முதலில் எது உதவாது என்று சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் நாம் அதிகமாகச் செய்கிறோம். கத்தித் தீர்த்தால் கோபம் போய்விடும், தலையணையைக் குத்தினால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. 2002ல் பிராட் புஷ்மன் செய்த ஆய்வில் மாணவர்களைக் கோபப்படுத்திவிட்டு, ஒரு பிரிவினரைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார், இன்னொரு பிரிவினரைச் சும்மா உட்கார வைத்தார். குத்தினவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது, சும்மா உட்கார்ந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது.

முகத்தில் காட்டாமல் விழுங்கிவிடுவதும் உதவாது. ஜேம்ஸ் கிராஸ் என்பவர் 1990களிலிருந்து செய்த ஆய்வுகளில், உணர்ச்சியை வெளியே தெரியாமல் அமுக்குகிறவர்களுக்கு உள்ளே வேதனை குறையவில்லை, உடம்பின் கொதிப்பு கூடத்தான் செய்தது, அந்த நேரத்தில் நடந்தது சரியாக ஞாபகத்தில் நிற்கவும் இல்லை. நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான், பொறுத்துப் போ, முகத்தைக் காட்டாதே என்று. பாவம், அதற்கு உடம்பு கொடுக்கிற விலை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

உதவுகிற முதல் விஷயம் ரொம்ப எளிது, வந்திருப்பது என்ன உணர்ச்சி என்று பெயர் வைப்பது. 2007ல் மேத்யூ லீபர்மன் குழுவினர், கோபமான முகம், பயந்த முகம் என்று படங்களைக் காட்டி, அதில் தெரியும் உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சொல் வைத்த உடனே அமிக்டலாவின் வேகம் குறைந்தது, முன்பகுதி வேலை செய்ய ஆரம்பித்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் "கோபம்", "டென்ஷன்" என்று இரண்டே சொல் வைத்திருந்தால் பெரிதாகப் பயன் இல்லை. அவமானமா, ஏமாற்றமா, பொறாமையா, பயமா, ஆற்றாமையா, தனிமையா, வெறும் களைப்பா? களைப்பென்றால் சாப்பிட்டுப் படுத்தால் சரியாகிவிடும். அவமானம் படுத்தால் போகாது, யாரிடமாவது சொன்னால்தான் போகும். சொல் சரியாக இருந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.

அப்புறம், நேரம் கொடுக்க வேண்டும். தம்பதிகளின் சண்டையைப் பல வருஷம் ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டுக் குறைந்தது 20 நிமிஷம் விலகி இருக்கச் சொல்கிறார். விலகுகிறபோது ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவது எதிரில் இருப்பவருக்கு இன்னொரு அவமானம். "இப்ப பேசினா தப்பாப் பேசிடுவேன், சாப்பிட்டதும் பேசறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி திரும்ப வாருங்கள். அந்த 20 நிமிஷமும் "அவ எப்படிச் சொல்லலாம்" என்று ஓட்டிக்கொண்டிருந்தால் அது இடைவேளையே இல்லை. கிணற்றடியில் துணி துவைக்கலாம், மாட்டுக்குத் தீனி வைக்கலாம், மூச்சை உள்ளே இழுப்பதைவிட நீளமாக வெளியே விடலாம். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் மெதுவாகிறது, நீளமாக விட்டால் உடம்புக்கு ஆபத்து முடிந்தது என்ற சேதி போகிறது. வாட்ஸப்பில் பதில் எழுதுவதென்றால் எழுதுங்கள், அனுப்பாதீர்கள். குரல் பதிவு வேண்டவே வேண்டாம், குரலில் இருக்கும் கொதிப்பைச் சொந்தக்காரர்கள் பத்து வருஷம் கழித்தும் போட்டுக் காட்டுவார்கள்.

உடம்பு அடங்கிய பிறகு ஒரு தாளில் சில வரி எழுதிப் பாருங்கள். நடந்தது என்ன, கேமராவில் பதிவாகியிருந்தால் எது தெரியுமோ அது மட்டும். அதை நான் என்னவாக எடுத்துக்கொண்டேன். உடம்பில் எங்கே தெரிந்தது. அன்றைக்குத் தூக்கம், சாப்பாடு எப்படி. இதற்கு முன்னால் எப்போது இப்படி இருந்தது. மூன்று நான்கு தாள் சேர்ந்ததும் ஒரே ஆளோ ஒரே நேரமோ ஒரே மாதிரி வார்த்தையோ திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

ஆரம்பத்தில் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் இது ஞாபகம் வரும். அது போதும். மறுநாள் காலையில் புரிவது கொஞ்ச நாளில் அன்றைக்கு ராத்திரியே புரியும், அப்புறம் கரண்டி கையில் இருக்கும்போதே புரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் தங்கள் கோபம் எல்லாமே மூளையின் தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியது நிஜம். அதற்கு வந்த கோபம் நியாயமானது, அது சொல்கிற விஷயமும் சரி. தவறு, மூணு மணிக்கு அந்த இடத்தில் பேச வழியில்லாத கோபம் எட்டு மணிக்கு, திருப்பி அடிக்க முடியாத இடத்தில் போய் விழுந்ததுதான். பலமானவரிடம் காட்ட முடியாததை நாம் வீட்டில் காட்டுகிறோம், அங்கேயும் கடைசியில் பிள்ளைகள்தான் வாங்கிக்கொள்கிறார்கள். மறுநாள் லைனில் கூட வேலை செய்யும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு "ஆள் குறைவா இருந்தது சார், அதனால்தான் பீஸ் கம்மி, அதுக்கு எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசினது சரியில்ல" என்று நிதானமாகச் சொல்ல முடிந்தால் அந்தக் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அதைச் சொல்ல முடியாதவர்கள்தான் அதிகம், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படியென்றால் வீட்டுக்கு வந்ததும் "இன்னிக்குக் கம்பெனில ரொம்ப அவமானப்படுத்திட்டாங்க அத்தை, மனசே சரியில்ல" என்று சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடலாம். பல மாமியார்கள் அதற்கப்புறம் உப்பைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

வாரத்தில் பல நாள் இப்படி நடந்தால், கை நீட்டும் அளவுக்குப் போனால், பொருளை உடைத்தால், பழைய சம்பவம் கண்ணெதிரே நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுத்தால், செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும்கூட, தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். குழந்தை பிறந்த முதல் சில மாதங்களில் தாய்க்கு வரும் அழுகையையும் எரிச்சலையும் "சோம்பேறித்தனம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதற்கு வைத்தியம் இருக்கிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் படபடப்பும் எரிச்சலும் வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வேலூரில் இருப்பவர்களுக்கு வழி தூரமில்லை. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. "பாகாயம் போறான்" என்று தெருவில் பேசுவார்களே என்று தயங்கித் தயங்கி வருஷக்கணக்கில் வேதனைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பேச்சுக்குப் பயந்து ஒரு நாள்கூட வீணாக்காதீர்கள். நேரில் போக முடியவில்லையென்றால் 14416க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் முதல் தடவை போகும்போது எழுதி வைத்த தாள்களைக் கையோடு எடுத்துப் போங்கள். எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, எதற்கெல்லாம் வருகிறது என்றுதான் அவரும் கேட்பார், அந்தப் பதட்டத்தில் ஒன்றும் ஞாபகம் வராது.